மூடச் சொன்னேனா, மூடிவிட்டேனா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையை ஒட்டியுள்ள தொழிற்பேட்டையில், ஓர் ஆலையில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. இரவு ஷிப்ட் முடித்துக் கிளம்புபவர், அடுத்து வருபவருக்காக லாக் புக்கில் நான்கைந்து வரி ஆங்கிலத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பும் பிறகு ஐ.டி.ஐ.யும் படித்திருந்த எனக்கு அந்த நான்கைந்து வரிதான் எட்டு மணி நேர வேலையைக் காட்டிலும் பாரமாக இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் "ஷட் தி இன்லெட் வால்வ்" என்று எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கழுவுநீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கிறது, வருபவர் கவனித்து வால்வை மூட வேண்டும் என்பதே நான் சொல்ல நினைத்தது. எனக்குப் பின் வந்த மூத்தவர் அந்த வரியைப் படித்துவிட்டு, நான் வால்வை மூடிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஏழு மணிக்குத் தொட்டி வழிந்து தரையெல்லாம் தண்ணீர் நின்றது. வெறும் தண்ணீர் என்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தொட்டியில் வேறு எதுவாவது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டு, லாக் புக்கை என் முன்னால் விரித்து வைத்து, கோபமில்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, நீ மூடச் சொன்னியா, மூடிட்டேன்னு சொன்னியா?"

இரண்டுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பதை அந்த நிமிடத்தில்தான் நான் உணர்ந்தேன். ஷட் என்றால் மூடு; மூடினேன் என்பதற்கும் ஷட்தான். கட், புட், ஹிட், லெட், செட், காஸ்ட், ஹர்ட் எல்லாம் இதே வகையைச் சேர்ந்தவை. தமிழில் இப்படி ஒரு குழப்பம் வரவே வழியில்லை, ஏனென்றால் மூடு, மூடினேன், மூடவும் என்று வினைச்சொல்லே யார், எப்போது, ஏவலா, செய்தியா என்பதையெல்லாம் தன் விகுதியில் சுமந்துகொண்டு வருகிறது. ஆங்கிலத்தின் இறந்தகால வினையோ காலத்தை மட்டும்தான் காட்டும், ஆளைக் காட்டாது. நான் போனாலும், நீ போனாலும், அவர்கள் போனாலும் வென்ட் தான். வாஸ், வேர் என்று ஆளுக்கு ஏற்ப மாறுகிற ஒரே ஒரு வினையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இதுவே நிலை. ஆகவே ஆங்கிலத்தில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது, தமிழில் விகுதியை வெட்டிவிட்டு "மூடி" என்று பாதியில் நிறுத்துவதற்குச் சமம். அன்று முதல் லாக் புக்கில் ஐ என்ற ஓரெழுத்தை எழுதாமல் நான் ஒரு வரியும் தொடங்கியதில்லை.

ஆனால் என் சிக்கல் அந்த ஒரு சொல்லோடு முடிந்துவிடவில்லை. பள்ளியில் எங்களுக்கு இந்தச் சொற்களை வாய்ப்பாடு போலவே கற்றுத் தந்திருந்தார்கள்: கோ, வென்ட், கான்; கம், கேம், கம்; சீ, சா, சீன். மூன்று பத்திகள் கொண்ட அந்தப் பட்டியலை ஒரே மூச்சில் ஒப்பிக்க என்னால் முடியும், முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இருந்தும் புதுச்சேரியில் ஒரு நேர்முகத் தேர்வில் நேற்று என்ன செய்தீர்கள் என்று கேட்டபோது, "யெஸ்டர்டே ஐ" என்று தொடங்கி, மனத்துக்குள் கோ என்பதில் ஏறி வென்ட் என்பதில் இறங்குவதற்குள் கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஏழெட்டு எத்தனை என்று கேட்டால் ஏழொன்று ஏழிலிருந்து எண்ணிக்கொண்டு வரும் பிள்ளையின் நிலைதான் அது. பட்டியலாகப் படித்த சொல் பட்டியலின் வரிசையில்தான் நினைவுக்கு வரும். நடந்த காரியத்தைச் சொல்லும்போது நமக்கு வேண்டியது இரண்டாவது பத்தி மட்டும். அதை முதல் பத்தியின் வழியாக மட்டுமே அடையப் பழகியிருந்தோம்.

இதற்கு வழி எனக்கு ஆங்கில வகுப்பு எதிலும் கிடைக்கவில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பிரெஞ்சு அம்மையார் சில காலம் குடியிருந்தார். தமிழைக் கற்றே தீருவது என்ற உறுதியோடு, அக்காவிடம் நாள்தோறும் வந்து உட்கார்ந்து பேசுவார். ஒருநாள், "அக்கா, நான் சந்தைக்குச் சென்றேன், அவரிடம் விலை சொன்றேன்" என்றார். அக்கா சிரிக்காமல், "சொன்னேன்" என்று திருத்தினாள். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, செல் என்றால் சென்றேன், நில் என்றால் நின்றேன், வெல் என்றால் வென்றேன், பிறகு சொல் என்றால் மட்டும் ஏன் சொன்றேன் ஆகாது என்று கேட்டார். கல் என்பதற்குக் கற்றேன் என்று வேறு இருக்கிறதே என்றும் சொன்னார். அக்காவுக்கும் எனக்கும் பதில் தெரியவில்லை. வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடத் தவறாமல் சொல்லிவந்த சொற்களில் இப்படி ஒரு மேடுபள்ளம் இருப்பது அன்றைக்குத்தான் எங்கள் கண்ணில் பட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்து தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. விழு, விழுந்தான், அழு, அழுதான். உண், உண்டான்; தின், தின்றான். நன்னூல் இறந்தகாலம் காட்டும் இடைநிலைகளாக த், ட், ற், இன் என்று நான்கைச் சொல்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் எந்த வினைக்கு எது வரும் என்று நூற்பாவைப் பார்த்து யாரும் பேசக் கற்றதில்லை. பாட்டி சொன்னாள், நாம் சொன்னோம், அவ்வளவுதான். ஒழுங்கு இல்லாமலும் இல்லை: டு என்று முடியும் சொல்லில் முன்னெழுத்து குறிலானால் பல சொற்கள் விட்டான், நட்டான், சுட்டான் என்று இரட்டிக்கும், சில எடுத்தான், கொடுத்தான் என்று வரும், நெடிலானால் பெரும்பாலும் ஆடினான், ஓடினான், தேடினான் என்று வரும். அதற்குள்ளும் அடங்காமல் போடு என்பது போட்டான் என்று தனியாக நிற்கும். ஒழுங்கில்லாத வினைச்சொற்கள் என்று ஆங்கிலத்தைப் பற்றி நாம் சொல்லும் குறை, உள்ளிருந்து பார்ப்பவருக்குக் குறையாகவே தெரிவதில்லை. இதைக் கண்டுகொண்ட பிறகு ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த அச்சத்தில் பாதி போய்விட்டது.

அந்தச் சொற்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதையும் பிறகு தேடிப் படித்தேன். ஆங்கிலமும் ஜெர்மனும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் பழைய வழக்கம், சொல்லின் உள்ளேயிருக்கும் உயிரொலியை மாற்றி இறந்தகாலத்தைக் காட்டுவது: டிரைவ் என்பது டிரோவ் ஆவதும், ஸ்விம் என்பது ஸ்வாம் ஆவதும் அப்படித்தான். சொல்லின் கடைசியில் ஈ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை, அதாவது ஈடியை, சேர்ப்பது அதற்குப் பின் வந்த வழக்கம். காலப்போக்கில் அடிக்கடி புழங்காத பல சொற்கள் ஈடி பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டன. ஹெல்ப் என்பதன் இறந்தகாலம் ஒரு காலத்தில் ஹோல்ப் என்று வழங்கியது, இன்று ஹெல்ப்டு. நம் பழைய பாடல்களில் புக்கான் என்று வருவதை நாம் இன்று புகுந்தான் என்று சொல்வதைப் போன்றது இது. வென்ட் என்ற சொல்லோ கோ என்பதற்குப் பிறந்ததே அல்ல. வழி பிடித்துச் செல்வது என்னும் பொருளுடைய வேறொரு வினையின் இறந்தகாலமாக இருந்து, பிறகு கோ என்பதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாள்தோறும் வாயில் வரும் சொற்கள் மட்டும் பழைய உருவத்தை விடாமல் வைத்திருக்கின்றன. பீ, ஹேவ், டூ, சே, மேக், கோ, டேக், கம், சீ, கெட் ஆகியவை ஆங்கிலத்தில் மிக அதிகம் புழங்கும் பத்து வினைகள். பத்துமே ஈடி சேராதவை. ஆகவே இவற்றைத் தள்ளிவைத்துவிட்டு ஆங்கிலம் பேச முடியாது, இவற்றைப் பேசாமல் கற்கவும் முடியாது. புதிதாக வரும் வினைகள் எல்லாம் ஈடி பக்கமே போகின்றன. நாம் டைப் பண்ணினேன், கால் பண்ணினேன் என்று எல்லாவற்றையும் பண்ணு என்பதோடு சேர்த்துவிடுகிறோம் அல்லவா, அதைப் போல.

சில ஆண்டுகளாகத் திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். கடையில் வேலை செய்பவர்கள், ஐ.டி.ஐ. பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்கு முயல்பவர்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். எழுத்து வரிசையில் அச்சிட்ட பட்டியலை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒலியால் உறவான சொற்களைச் சேர்த்தே கொடுக்கிறேன். கீப் என்பது கெப்ட், ஸ்லீப் என்பது ஸ்லெப்ட், ஸ்வீப் என்பது ஸ்வெப்ட், ஃபீல் என்பது ஃபெல்ட், மீட் என்பது மெட், ஃபீட் என்பது ஃபெட். இங்கே நடப்பது நெடில் குறிலாவது. வா என்பது வந்தான், தா என்பது தந்தான், காண் என்பது கண்டான் என்று நம் வாயிலும் நெடில் குறுகுகிறது என்று சொன்னால், தமிழ் படித்த எந்தப் பிள்ளைக்கும் அது உடனே பிடித்துக்கொள்கிறது. ரீட் என்பதன் இறந்தகாலத்தை எழுத்து மாறாமல் எழுதிவிட்டு ரெட் என்று ஏன் படிக்க வேண்டும் என்ற பழைய குழப்பமும் அத்தோடு தீர்கிறது: எழுத்து மாறாவிட்டாலும் நெடில் குறுகியிருக்கிறது.

ஆனால் ஒலி உறவை நம்பி ஒரேயடியாக ஓடிவிடக் கூடாது. ப்ளோ என்பது ப்ளூ, க்ரோ என்பது க்ரூ, த்ரோ என்பது த்ரூ என்று படித்த சூட்டில் பிள்ளைகள் ஷோ என்பதை ஷூ ஆக்கிவிடுவார்கள். அது ஷோடு தான். ஆங்கிலேயக் குழந்தைகளே முதலில் வென்ட் என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஈடி பிடிபட்டதும் சில காலம் கோடு என்று சொல்லிப் பிறகுதான் திரும்பி வருகிறார்கள். ஆகவே ஒரு பிள்ளை ப்ரிங்டு என்று சொன்னால் நான் முகம் சுளிப்பதில்லை. விதி உள்ளே இறங்கிவிட்டது என்பதன் அடையாளம் அது. இனி விலக்குகளை மட்டும் பழக்கினால் போதும்.

நம்மவர்களுக்கு மிகவும் இடறுவது பாட், பிராட் என்ற இரண்டு சொற்கள்தான். பாட் என்றால் வாங்கினேன், பிராட் என்றால் கொண்டு வந்தேன். பை என்பதில் ரகரம் இல்லை, ஆகவே பாட் என்பதிலும் இல்லை. ப்ரிங் என்பதில் ரகரம் உண்டு, பிராட் என்பதிலும் உண்டு. இந்த ஒரு குறிப்பு தெரியாமல், ஐ பாட் மை மதர் என்று, தாயை விலைக்கு வாங்கியதாகச் சொல்லிவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நான் அறிவேன். பாட் என்பதையும், சண்டையிட்டேன் என்று பொருள்படும் ஃபாட் என்பதையும் பிரித்துக் காட்ட எங்கள் ஊரின் வரலாறே எனக்கு உதவுகிறது. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கம்பெனி 1690இல் மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள ஊர்களும் அதோடு சேர்ந்தன, அதனால் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். 1758இல் அந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. தி இங்கிலிஷ் பாட் தி ஃபோர்ட், தி ஃப்ரெஞ்ச் ஃபாட் ஃபார் இட், தி ஃபோர்ட் ஃபெல்: இந்த மூன்று வரியைச் சொன்ன பிள்ளை, கெடிலம் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தக் கோட்டையோடு சேர்த்து அவற்றை நினைத்துக்கொள்கிறது.

என் வகுப்பில் பயன் மிகுந்தது என்று நான் நம்புவது புயல் பாடம். 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை இந்தப் பக்கத்தில் மறந்தவர் இல்லை. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அதைச் சொல்ல யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவனாம்பட்டினத்திலிருந்து வரும் ஒரு பெண், துணிக்கடையில் வேலை செய்பவள், அந்த இரவை முதலில் தமிழிலேயே சொன்னாள். கூரைத் தகரம் பறந்ததையும், அப்பா கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு விடியும்வரை நின்றதையும், தென்னை விழுந்த சத்தத்தையும் அவள் சொன்னபோது திண்ணையில் யாரும் பேசவில்லை. அவள் சொன்ன வினைகளை மட்டும் நான் பலகையில் எழுதினேன்: வீசியது, பறந்தது, பிடித்தார், நின்றார், விழுந்தது, கேட்டோம், தூங்கவில்லை. அவற்றை எதிரே ஆங்கிலத்தில் எழுதியபோது எல்லாமே ஈடி சேராத சொற்களாக இருந்தன. மனிதர் வாழ்க்கையின் பெரிய காரியங்களை எல்லா மொழியும் பழைய சொற்களால்தான் சொல்கிறது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

முதல் நாள் அவள் தி ஷீட் ஃப்ளைடு என்றாள். மறுநாள் அதே கதையை வேறொருவரிடம் சொல்லச் சொன்னேன். ஃப்ளை என்று நிறுத்தி, யோசித்து, ஃப்ளூ என்றாள். மூன்றாம் நாள் தன் தாயாகத் தன்னை வைத்துக்கொண்டு சொன்னாள், நான்காம் நாள் ஊரார் எல்லாருக்குமாகச் சொன்னாள். ஐ ஹெல்ட், ஷி ஹெல்ட், தே ஹெல்ட் என்று ஆள் மாறினாலும் சொல் மாறாதது அவளுக்கே காதில் பட்டது. நான்காம் நாள் தி விண்ட் ப்ளூ, தி ஷீட் ஃப்ளூ, மை ஃபாதர் ஹெல்ட் தி டோர் என்று அவள் நிறுத்தாமல் சொன்னபோது, ஃப்ளூ என்ற சொல் ஃப்ளையின் வழியாக வரவில்லை, நேராக அந்தத் தகரத்திலிருந்து வந்தது. ஒரே கதையை நான்கு நாள், நான்கு பேரிடம் சொல்லுங்கள் என்பதைத்தான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். புதுப்புதுச் சொற்களைத் தேடி ஓடுவதைவிட இது மேல்.

அவள் கதையின் கடைசி வரியில் எல்லாரும் இடறும் இடம் ஒன்று வந்தது: வி டிட் நாட் ஸ்லெப்ட். டிட் வந்துவிட்டால் அடுத்த வினை இறந்தகாலத்தில் வரக் கூடாது என்று விதியாகச் சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த வரியிலேயே மறப்பார்கள். நான் தமிழைக் காட்டுகிறேன். தூங்கினேன் என்பதை மறுக்கும்போது தூங்கினவில்லை என்றா சொல்கிறோம்? தூங்கவில்லை என்கிறோம். போனவில்லை இல்லை, போகவில்லை. மறுக்கும்போது காலம் வினையைவிட்டு இறங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் அது இறங்கி டிட் மேல் ஏறிக்கொள்கிறது; ஸ்லெப்ட் மீண்டும் ஸ்லீப் ஆகிறது. கேள்விக்கும் இதே கதிதான்: டிட் யு கோ. தூங்கினவில்லை என்பது காதுக்கு எவ்வளவு கோணலோ, டிட் நாட் ஸ்லெப்ட் ஆங்கிலக் காதுக்கு அவ்வளவு கோணல் என்று சொன்ன பிறகு அவள் அந்தத் தவற்றை மீண்டும் செய்து நான் கேட்கவில்லை.

தமிழ் உதவுவது போலவே சில இடங்களில் இழுத்தும் விடும். நேற்று பாண்டிச்சேரி போயிருந்தேன் என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். அதை அப்படியே மாற்றி ஐ ஹேட் கான் என்றோ, இன்னும் மோசமாக ஐ வாஸ் வென்ட் என்றோ சொல்லிவிடுகிறோம். ஹேட் கான் என்பது நடந்து முடிந்த இரண்டு காரியங்களில் முந்தியதைச் சொல்ல வேண்டியபோது வருவது. நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டு, போனதை மட்டும் சொல்வதானால் ஐ வென்ட் போதும். போயிருந்தேன் என்று வாயில் வந்தால் மனத்துக்குள் போனேன் என்று ஒருமுறை மாற்றிக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போகச் சொல்கிறேன்.

மாறாத சொற்களுக்கு இன்னொரு கைப்பிடி உண்டு. ஹீ புட்ஸ் என்றால் வழக்கமாக வைக்கிறான். ஸகரம் இல்லாமல் ஹீ புட் என்றிருந்தால் அது நடந்து முடிந்தது. ஐ, யு, தே என்று வரும்போது இந்த அடையாளமும் கிடைக்காது, ஆகவே நேரத்தை எழுதிவிட வேண்டும். ஷிப்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்: ஆளையும் எழுது, மணியையும் எழுது, மற்றவர் செய்ய வேண்டியது என்றால் முதலில் ப்ளீஸ் போடு.

என்னிடம் படித்து இப்போது வேறோர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஒரு பையன், சென்ற மாதம் தன் முதல் இரவு ஷிப்டின் லாக் புக் பக்கத்தை எனக்குச் சொல்லிக் காட்டினான். ஐ ஷட் தி இன்லெட் வால்வ் அட் 5.40. ஐ டிட் நாட் ஷட் தி அவுட்லெட் வால்வ். ப்ளீஸ் ஷட் இட் அட் 6.30. "சரியா சார்?" என்று கேட்டான். மூன்று வரியிலும் ஷட் இருந்தது, மூன்றும் வேறு வேறு ஷட். சரி என்றேன்.